64 பேர் வாழும் கவுன்டிக்கு விழுக்காடு எதற்கு? அயல்நாட்டுப் புவியியல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கலைக்களஞ்சியங்களுக்கும் பாடத் துணைநூல்களுக்கும் வார இதழ்த் துணுக்குகளுக்கும் போட்டித் தேர்வுக் கையேடுகளுக்கும் அமெரிக்கக் கவுன்டிகளைப் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளைப்) பற்றித் தமிழில் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பெரும்பாலோர் ஒரே அச்சை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறீர்கள். பரப்பளவு, மக்கள்தொகை, அடர்த்தி, பத்தாண்டு வளர்ச்சி விழுக்காடு, இனவாரி விழுக்காடு, குடும்ப வருமானம், தலைமையிடம், பெயர்க் காரணம். எண்களை மாற்றினால் அடுத்த கவுன்டி தயார். ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுன்டிக்கு இந்த அச்சு பொருந்தும். 2020இல் அங்கே 47 லட்சம் பேர் இருந்தார்கள். அதே டெக்சஸ் மாநிலத்தின் மேற்கே, நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கும் லவிங் கவுன்டிக்கும் இதையே போட்டால், எண் ஒவ்வொன்றும் சரியாக இருக்கும். வாசகருக்குப் போய்ச் சேரும் செய்தி மட்டும் தவறாக இருக்கும். அது ஏன், மாற்றாக என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

2020 கணக்கெடுப்பில் லவிங் கவுன்டியின் மக்கள்தொகை 64. நிலப்பரப்பு 669 சதுர மைல், அதாவது சுமார் 1,733 சதுர கிலோமீட்டர். 2000, 2010, 2020 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளிலும் நாட்டிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட கவுன்டி இதுதான். அடுத்து வருவது ஹவாயின் மொலோகாய் தீவில் தொழுநோயாளர் குடியிருப்பாக இருந்த கலவாவோ. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. லவிங்கின் 2010 மக்கள்தொகை 82. கலவாவோவின் 2020 மக்கள்தொகையும் 82. லவிங்கின் 1920 மக்கள்தொகையும் அதே 82. ஆண்டைப் போடாமல் ‘82 பேர் வாழும் கவுன்டி’ என்று எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

இனி விழுக்காடு. 2000இல் 67, 2010இல் 82, 2020இல் 64. அச்சின்படி எழுதினால் முதல் பத்தாண்டில் 22 விழுக்காடு வளர்ச்சி, அடுத்ததில் 22 விழுக்காடு வீழ்ச்சி. படிப்பவர் பெரிய குடியேற்றத்தையும் பெரிய வெளியேற்றத்தையும் கற்பனை செய்துகொள்வார். நடந்தது 15 பேர் கூடியதும் 18 பேர் குறைந்ததும்தான். நான்கைந்து குடும்பங்கள் வந்து போனாலே இவ்வளவு மாற்றம் வந்துவிடும். அங்கே ஒருவர் என்பது ஒன்றரை விழுக்காட்டுக்கும் மேல். ஆயிரம் பேருக்குக் கீழ் உள்ள எந்த ஊருக்கும் ஆட்களின் எண்ணிக்கையையே எழுதுங்கள், விழுக்காட்டை விட்டுவிடுங்கள். இனவாரிப் பட்டியலுக்கு இது இன்னும் கட்டாயம். ‘3.13 விழுக்காடு’ என்று இரண்டு தசம இடத்தோடு போட்டிருந்தால், அது இரண்டே மனிதர்கள்.

அடர்த்தியும் அப்படியே. 64ஐ 1,733ஆல் வகுத்தால் 0.037 வரும். அச்சு முழு எண்ணாக மாற்றினால் ‘சதுர கிலோமீட்டருக்கு 0 பேர்’ என்று அச்சாகிவிடும். இதைத் தலைகீழாகச் சொன்னால் புரியும்: ஒருவருக்கு 27 சதுர கிலோமீட்டர். அதுவும் சராசரிதான். மூன்றில் ஒருவர் மென்டோன் என்ற ஒரே குடியிருப்பில் இருக்கிறார். 2020இல் அங்கே 22 பேர். மற்றவர்கள் மாட்டுப் பண்ணைகளில் சிதறி இருக்கிறார்கள்.

அந்த 64ஐயே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். சிறிய ஊர்களின் அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, இன்னார் என்று அடையாளம் கண்டுவிட முடியும். அதைத் தடுக்க, 2020 முடிவுகளில் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே சிறிய ஏற்ற இறக்கத்தைக் கலந்தது. மாநில மொத்தத்தில் கை வைக்கவில்லை. கணக்கெடுப்பின் மிகச் சிறிய பகுதியான பிளாக் ஒவ்வொன்றிலும் எத்தனை வீடுகள் என்ற எண்ணிலும் கை வைக்கவில்லை. கவுன்டி மொத்தம், வயது, இனம் எல்லாம் இந்தக் கலப்புக்கு உட்பட்டவை. கவுன்டி அளவில் மாற்றம் மிகச் சிறியது. ஹாரிஸ் கவுன்டிக்கு அது பொருட்டே அல்ல. லவிங்குக்கோ ஒன்றிரண்டு பேர் கூடினாலும் குறைந்தாலும் மேலே சொன்ன விழுக்காடுகள் எல்லாம் ஆட்டம் கண்டுவிடும். பிளாக் அளவுக்கு இறங்கினால் பெரியவர்களே இல்லாமல் குழந்தைகள் மட்டும் வசிக்கும் பிளாக் கூடத் தட்டுப்படலாம். அதை வைத்துக் கட்டுரை எழுதப் புறப்பட்டுவிடாதீர்கள். அது கலப்பின் விளைவாக இருக்கும்.

வருமானம், கல்வி, வறுமை பற்றிய எண்கள் வேறிடத்திலிருந்து வருகின்றன. அவை அமெரிக்கச் சமூக ஆய்வு என்னும் மாதிரிக் கணக்கெடுப்பின் மதிப்பீடுகள். 65,000 பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துத்தான் முழு அட்டவணை வெளியாகும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு என்று ஒரு நிரல் இருக்கும். தமிழில் எடுத்து எழுதும்போது முதலில் காணாமல் போவது அந்த நிரல்தான். லவிங் போன்ற இடத்தில் சில வீடுகளே மாதிரியில் சிக்கும். பிழை வரம்பு எண்ணுக்குப் பாதியாகவோ எண்ணை விடப் பெரிதாகவோ போகலாம். பிழை வரம்பு எண்ணின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த எண்ணை எழுதவே வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை. கட்டுரையில் ஒரு வரி குறைந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

தேர்தல் எண்களைக் குடிமதிப்போடு கோர்ப்பதுதான் வேடிக்கையான பிழை. 2020 அதிபர் தேர்தலில் இந்தக் கவுன்டியில் ட்ரம்ப்புக்கு 60 வாக்குகள், பைடனுக்கு 4. கூட்டினால் சரியாக 64. ‘பச்சைக் குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் வாக்களித்த கவுன்டி’ என்று துணுக்கு எழுதக் கை துறுதுறுக்கும். கணக்கெடுப்பு கேட்பது, ஆண்டின் பெரும்பகுதி எங்கே வாழ்ந்து உறங்குகிறீர்கள் என்பதை. டெக்சஸின் வாக்காளர் பட்டியலோ, திரும்பி வரும் எண்ணத்தோடு எதை நிலையான வீடாகக் கொண்டிருக்கிறீர்கள் என்பதைப் பார்க்கிறது. பண்ணை இங்கே, வேலை வேறு ஊரில் என்றிருப்பவர் ஒன்றில் இருப்பார், மற்றதில் இருக்க மாட்டார். அங்கே இது வெறும் புள்ளிவிவரச் சிக்கலும் அல்ல. ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய வாக்குகளில் பதவி கைமாறும் இடத்தில், யார் உண்மையில் குடியிருப்பவர் என்பதுதான் ஓயாத வழக்கு.

வரலாற்றுக்கு வருவோம். ‘நிறுவப்பட்ட ஆண்டு’ என்ற கட்டத்தில் சிலர் 1887 என்றும் சிலர் 1893 என்றும் சிலர் 1931 என்றும் போடுகிறார்கள். மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. 1887இல் மாநிலச் சட்டமன்றம் டாம் கிரீன் கவுன்டியிலிருந்து இந்தப் பகுதியைப் பிரித்து எல்லை வரைந்தது. அலுவலகமோ அதிகாரிகளோ கிடையாது, நிர்வாகம் பக்கத்து ரீவ்ஸ் கவுன்டியிடம். 1890 கணக்கெடுப்பில் மொத்தம் 3 பேர். பெக்கோஸ் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நிலம் விற்கக் கிளம்பிய ஒரு நிறுவனத்தார் 1893இல் தேர்தல் நடத்தி, 83 வாக்குகள் விழுந்ததாகக் கணக்குக் காட்டிக் கவுன்டியை அமைத்தார்கள். மூன்று பேர் மூன்றே ஆண்டில் 83 வாக்காளர்கள் ஆன கதையை அன்றே யாரும் முழுதாக நம்பவில்லை. அதே ஆண்டு ஆற்றில் வந்த வெள்ளம் வாய்க்கால் வேலையைச் சிதைத்தது. 1897இல் சட்டமன்றம் கவுன்டி அமைப்பைக் கலைத்து மறுபடியும் ரீவ்ஸோடு இணைத்தது. எண்ணெய் வந்த பிறகு 1931இல் இரண்டாம் முறை அமைக்கப்பட்டது. டெக்சஸின் 254 கவுன்டிகளில் இரண்டு முறை அமைக்கப்பட்டது இது ஒன்றே. ஆகவே ஒரே கட்டத்தில் ஓர் ஆண்டைத் திணிக்காமல் ‘எல்லை 1887, அமைப்பு 1893, கலைப்பு 1897, மறு அமைப்பு 1931’ என்று எழுதுங்கள்.

மென்டோனும் இரண்டு. 1890களின் மென்டோன், ஆற்றின் மேல்நீரோட்டப் பக்கத்தில் இருந்து பிறகு அழிந்துபோன ஊர். இப்போது நீதிமன்றக் கட்டடம் இருக்கும் மென்டோன், எண்ணெய்க் காலத்தில் ராம்சே என்ற பெயரில் தொடங்கி, பிறகு பழைய பெயரைப் பெற்றது. ‘1893 முதல் தலைமையிடம்’ என்று எழுதினால் இரண்டு ஊர்களை ஒன்றாக்கிவிடுகிறீர்கள். கவுன்டிக்குப் பெயர் தந்தவர் ஆலிவர் லவிங் என்னும் மாட்டு மந்தை வணிகர். பெக்கோஸ் ஆற்றோரம் கமாஞ்சி என்னும் பூர்வகுடி வீரர்கள் தாக்கியதில் காயமடைந்து 1867இல் சம்னர் கோட்டையில் இறந்தார். அவர் பெயரிலேயே நியூ மெக்சிகோவின் எடி கவுன்டியிலும் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் படத்தை இந்தக் கவுன்டிக்குப் போட்டுவிட வேண்டாம்.

மக்கள்தொகை வரிசை இது: 1890இல் 3, 1900இல் 33, 1910இல் 249, 1920இல் 82, 1930இல் 195, 1940இல் 285, 1950இல் 227, 1960இல் 226, 1970இல் 164, 1980இல் 91, 1990இல் 107. பிறகு வந்தவை மேலே உள்ளன. இதைப் பார்த்து ‘உச்சம் 1940இல் 285’ என்று எழுதத் தோன்றும். கணக்கெடுப்பில் பதிவான உச்சம் என்று எழுதுங்கள். 1933 வாக்கில் எண்ணெய் வேலைக்கு வந்தவர்களோடு அறுநூறு பேர்வரை இருந்ததாக வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணும் முறைக்கு இடையில் எழுந்து அடங்கும் அலை தெரியாது.

ஆறு ஓடியும் ஏன் ஊர் எழவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை ஆற்று நீரிலேயே இருக்கிறது. நியூ மெக்சிகோவில் மலகா வளைவு என்ற இடத்தில் உப்பு ஊற்றுகள் பெக்கோஸில் கலக்கின்றன. எல்லையில் 1936இல் கட்டி முடித்த ரெட் பிளஃப் நீர்த்தேக்கத்துக்கு வருவதே உவர்நீர். ஆண்டு மழையோ 250 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அந்த நீரைப் பாய்ச்சினால் ஆவியானது போக உப்பு மண்ணில் தங்கும். 1890களில் விற்கப் பார்த்த பாசன நிலத்தின் கதி இதிலிருந்தே விளங்கும். ‘ஆற்றுப் பாசன வசதி உண்டு’ என்று பக்கத்துக் கவுன்டிக் கட்டுரையிலிருந்து வரியை எடுத்து ஒட்டாதீர்கள்.

இப்போது அங்கே ஆள் நடமாட்டமே இல்லை என்றும் எண்ண வேண்டாம். எண்ணெய் வளம் மிக்க பெர்மியன் படுகையின் டெலவேர் பகுதி இந்தக் கவுன்டியின் அடியில் இருக்கிறது. பாறையிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறைகளான கிடைமட்டத் துளையிடலும் நீரழுத்த விரிசலும் பரவிய பிறகு, 302ஆம் மாநில நெடுஞ்சாலையில் மணலும் எண்ணெயும் கழிவு உவர்நீரும் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. தொழிலாளர் முகாமில் இருப்பவர் குடும்பம் இருக்கும் ஊரைத் தன் வீடாகச் சொன்னால் அவர் இங்கே எண்ணப்பட மாட்டார். அதோடு 2020 கணக்கெடுப்பின் குறிப்பு நாள் ஏப்ரல் 1. அதே மாதம் 20ஆம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. துளையிடும் வேலைகள் நின்று ஆட்கள் கலைந்துகொண்டிருந்த பருவம் அது.

எண்ணெய் வருவாயை 64ஆல் வகுத்து ‘தலைக்கு இத்தனை கோடி’ என்று எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனிம உரிமையாளர்கள் பலர் வேறு ஊர்களில் இருப்பவர்கள். கவுன்டிக்கு வருவது சொத்து வரி. மக்கள் எத்தனை பேராக இருந்தாலும் கவுன்டி நீதிபதியும் நான்கு ஆணையர்களும் ஷெரீப் என்னும் காவல் தலைவரும் வேண்டும் என்பது மாநில அரசியலமைப்பு. சிறிய கவுன்டி என்பதால் ஷெரீப்பே வரி மதிப்பீட்டாளராகவும் இருப்பார். பள்ளி இங்கே கிடையாது. பிள்ளைகள் கிழக்கே விங்க்ளர் கவுன்டியின் விங்க் ஊருக்குப் போகிறார்கள். பள்ளி எண்களைத் தேடினால் விங்க்–லவிங் என்ற கூட்டு மாவட்டத்தின் பெயரில்தான் கிடைக்கும்.

தரவு தேடும்போது பெயரால் தேடாமல் 48301 என்ற கூட்டரசுக் குறியீட்டால் தேடுங்கள். நியூ மெக்சிகோ ஊர் குறுக்கே வராது. பழைய எண்களைச் சரிபார்க்க, 72 ஆண்டு கழித்துத் திறக்கப்படும் மூலப் படிவங்கள் இருக்கின்றன: 1950 படிவங்கள் 2022இல் வெளியாகிவிட்டன, 1960க்குரியவை 2032இல் வரும். 1890 படிவங்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் நாசமானதால், அந்த மூன்று பேர் யார் என்று படிவத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. எங்காவது அவர்களின் பெயர்கள் எழுதியிருந்தால் எடுத்து எழுதும் முன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அன்புடன்,
புள்ளிவிவரமும் புவியியலும் தெரிந்த சில வாசகர்கள்