ஏழாம் நம்பர் கேசட்

தங்கச்சிமடம்,
11.1.2026

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்பதில்லை. தினமும் ஏறி, துருப்பிடித்துக் கிடக்கிற டிஷ் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு இறங்குகிறார். வாடை இன்னும் விடவில்லை, துணி காய மாட்டேன் என்கிறது.

புத்தாண்டு அன்று போனில் ஒன்று சொன்னாய். அங்கே இங்கிலாந்தில் எம்டிவியின் பாட்டுச் சேனல்களை டிசம்பர் 31ஓடு நிறுத்திவிட்டார்களாம். உன்னோடு நைட் டூட்டி பார்க்கிற நர்ஸுகள் எல்லாம் அதைப் பேசிப் பேசி மாய்ந்துபோனார்களாம். “எனக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்குப் பஸ் வந்துவிட்டது. சம்பந்தம் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே “சரிம்மா, சரிம்மா” என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் சின்ன வயதில் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். அப்துல் ஹமீது குரல் வந்தால் வலை பின்னுகிற கைகூட ஒரு நொடி நிற்கும். 1982 பிப்ரவரியில் அந்தப் பக்கம் ரூபவாகினி டிவி வந்தது. சென்னையில் 1975லேயே டிவி வந்திருந்தாலும் அந்த அலை நம் ராமேஸ்வரம் கரைக்கு எட்டவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல், மறைக்க ஒரு மேடு கிடையாது. அவர்கள் தங்கள் சனங்களுக்கு அனுப்பியதை நாங்களும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டோம்.

எங்கள் தெருவில் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி வீட்டில் மட்டும்தான் டிவி. சவுக்குக் கம்பத்து உச்சியில் ஆன்டெனா. கச்சான் காற்று அடித்தால் கம்பமே திரும்பிக்கொள்ளும். ஒருவன் கூரையில் ஏறித் திருப்புவான், முற்றத்தில் ஒருவர் நிற்பார், வாசலில் ஒருவர். “இப்ப?” “இன்னும் கொஞ்சம்.” “போச்சு போச்சு, பழையபடி வை.” அதற்குள் பாட்டு முடிந்து சிங்களச் செய்தி ஆரம்பித்திருக்கும். காற்றே இல்லாமல் கடல் எண்ணெய் மாதிரி கிடக்கிற மாலைகளில் மட்டும் படம் அவ்வளவு தெளிவாக விழும். அன்றைக்கு யாரும் ஆன்டெனா பக்கம் போகவே கூடாது, தும்மக்கூட விடமாட்டார்கள்.

எம்டிவியும் அதே காலத்துப் பிள்ளைதான். 1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் அமெரிக்காவில் தொடங்கினார்கள். முதலில் போட்ட பாட்டே, ரேடியோ நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்று பாடுகிற பாட்டு. கொஞ்சம் திமிர்தான். நம் வீட்டில் வீடியோ வந்த பிறகும் ரேடியோ அடுப்படியில் பாடிக்கொண்டுதான் இருந்தது. அங்கே ரெக்கார்டு கம்பெனிகள் விளம்பரம் ஆகட்டும் என்று பாட்டைப் படமாக எடுத்து எம்டிவிக்குச் சும்மா கொடுத்தார்களாம். நமக்கு அந்தச் செலவே இல்லை பார், சினிமாக்காரர்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். என்ன, அங்கே கொடுத்தார்கள். இங்கே நாங்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டோம். உன் அப்பா இதைப் படித்தால் கோபப்படுவார், ஆனால் உண்மை அதுதான்.

கேபிள் டிவி நடத்த நம் வீட்டுக்கு டிஷ் வந்தது 1994இல், எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பன்னிரண்டு அடி டிஷ், லாரியில் பாம்பன் பாலம் தாண்டி வந்தது. அந்த ரோட்டுப் பாலம் மட்டும் 1988இல் திறக்காமல் இருந்திருந்தால் ரயிலில்தான் ஏற்றியிருக்க வேண்டும், எப்படி என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. என் நகையில் தாலிச் சங்கிலி தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போனது. முதல் வருஷம் 90 இணைப்பு. சன் டிவி அதற்கு முந்தைய வருஷம் ஏப்ரல் 14இல் வந்திருந்தது, சனங்கள் அதற்காகத்தான் பணம் கட்டினார்கள். பையன்கள் மட்டும் எம்டிவிக்காக வருவார்கள். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் தலைமுடியை அதைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். அந்த வருஷமே எம்டிவி ஸ்டாரை விட்டுப் போய், அந்த இடத்தில் சேனல் வி வந்தது. பேர் மாறிப்போனதை நாங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தோம்.

ஒருநாள் ராத்திரி அப்பா மைக்கேல் ஜாக்சனின் அந்தப் பேய்ப் பாட்டைப் போட்டுவிட்டார், பதினான்கு நிமிடம் ஓடுகிறது. கல்லறையைப் பிளந்துகொண்டு பேய் வருகிறது. மறுநாள் காலையில் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று.

சரி, நான் சொல்ல வந்தது நம் சொந்தச் சேனலை. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை விருப்பப் பாடல். கீழக்கரையில் ஒரு துபாய்க்காரர் வீட்டிலிருந்து வாங்கிய பழைய விசிஆர் இரண்டு, நாற்பது கேசட், ஒரு போன். அந்த நேரம் அப்பா எங்கே இருப்பார்? எங்காவது போஸ்ட் கம்பத்தில். நம் ஊர் உப்புக்காற்றுக்கு ஒரு கனெக்டரும் நாலு மாதம் தாங்காது, செம்பு பச்சை பிடித்துப் படம் புள்ளி புள்ளியாகிவிடும். அவர் ஏணியோடு திரிந்தால் வீட்டில் போனை எடுத்தது யார், கேசட்டை மாற்றியது யார்? நான்தான். ஊர் முழுக்க “அண்ணன் சேனல்” என்றார்கள். அண்ணன் கேசட்டைத் தலைகீழாகச் செருகிய கதை எனக்குத்தான் தெரியும்.

கணக்கு நோட்டு என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாயே, பீரோவில் சிவப்பு அட்டை போட்டது, அது கணக்கு நோட்டு இல்லை. கேசட்டை முழுக்க ரீவைண்ட் செய்து, விசிஆரில் நம்பரை 0000 ஆக்கிவிட்டு ஓட்டினால் ஒவ்வொரு பாட்டும் ஒரு நம்பரில் ஆரம்பிக்கும். கேசட் 3, 0415. கேசட் 12, 2230. இப்படி அறுநூறு பாட்டுக்கு மேல் எழுதி வைத்திருந்தேன். ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த கேசட்டைப் பக்கத்து மெஷினில் ஓட்டி, நம்பருக்குப் பத்து முன்னால் நிறுத்தி வைக்க வேண்டும். திரை கறுப்பாக அஞ்சு விநாடி நின்றால் போன் அடித்துவிடும். பழைய விசிஆர்கள் செத்து வேறு வாங்கியபோது நம்பர் எல்லாம் மாறிப்போனது, மெஷினுக்கு மெஷின் கணக்கு வேறு. ஒரு மாதம் உட்கார்ந்து நோட்டு முழுக்கத் திரும்ப எழுதினேன். போதாததற்கு அந்த மெஷினில் கரன்ட் போனால் நம்பர் பூஜ்யத்துக்குப் போய்விடும். நம் ஊரில் கரன்ட் எப்படி என்று உனக்கே தெரியும்.

யார் யாரோ கேட்பார்கள். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், சந்தியாகப்பர் கோயில் திருவிழா. பையன்கள் பேர் சொல்லாமல் “மூணாவது தெரு மாடி வீட்டுக்கு” என்பார்கள். யார், யாருக்கு என்று எனக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். அதில் மூன்று கல்யாணம் ஆகியிருக்கிறது, ஒருத்தரும் எனக்குத் தனியாகப் பத்திரிகை வைக்கவில்லை. 2001இலிருந்து ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள் மீன்பிடித் தடை வந்தது. அந்த நாட்களில் போன் ஓயாது. கேபிள் பணம் மட்டும் வராது. கேட்கவும் மனசு வராது.

ஒரு அக்கா, மண்டபம் அகதிகள் முகாமில் இருந்தவர். கருவாடு வாங்க இங்கே வருவார். நம் கேபிள் பாலம் தாண்டிப் போகாது, அது அவருக்கும் தெரியும். ஒருநாள் வாசலில் நின்று ஒரு பாட்டைச் சொல்லி, “போடுறீங்களா, நான் இங்கனயே நிண்டு பாத்திட்டுப் போறன்” என்றார். மன்னாரில் அவர் வீட்டில் டிவி இருந்ததாம், அந்தப் பாட்டை ரூபவாகினியில் பார்த்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கருவாட்டுப் பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்து பார்த்தார். முடிந்ததும் “சரி” என்றார், போய்விட்டார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாகச் சம்மாட்டி வீட்டில் பார்த்த அதே நிகழ்ச்சியை அவரும் அங்கே பார்த்திருப்பார் என்று எனக்கு அன்றைக்கு ராத்திரிதான் தோன்றியது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். 1997இல் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது சவூதியிலிருந்து வந்திருந்த சித்தப்பா கேமராவில் எடுத்தார். அதைப் பெரிய கேசட்டில் ஏற்ற அப்பா கையில் கிடைத்ததை எடுத்தார். பாட்டு கேசட்டின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது. நான் எல்லாவற்றையும் உடைத்து வைத்திருந்தேன். மனுஷன் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டிப் பதிவு செய்துவிட்டார்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. யாரோ ஏழாம் நம்பரிலிருந்து ஒரு பாட்டுக் கேட்டார்கள். நான் அடுப்படியில் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டில், கதாநாயகி மலைச்சரிவில் ஓடி வருகிறாள், அடுத்த நொடி சாமியார் கை, சொம்பிலிருந்து தண்ணீர், வாயைப் பிளந்துகொண்டு நீ. வீல் என்று ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். நான் ஓடி வந்து நிறுத்துவதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. போன் அடித்தது. திட்டப் போகிறார்கள் என்று எடுத்தால், “பிள்ளைக்கு என்ன பேர் வச்சீங்க?” மறுநாள் ஒரு ஆச்சி போன் பண்ணி அதையே விருப்பப் பாடலாகக் கேட்டார். போட்டேன். பாட்டோடு சேர்த்தே போட்டேன். நீ எம்டிவியில் வரவில்லைதான், நம்ம டிவியில் இரண்டு தடவை வந்திருக்கிறாய்.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். பெரிய ஆட்கள் வந்தார்கள், எங்கள் லைனை வாங்கிக்கொண்டார்கள், விலை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2004இல் சன் மியூசிக் வந்து நாள் முழுக்கப் பாட்டு, நாள் முழுக்க போன். அந்தப் பெண்கள் நன்றாகப் பேசினார்கள், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் போன் செய்கிறவரின் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உன் பெரியம்மா மகன் அடுத்த மாதம் லண்டன் வருகிறான். அவனிடம் ஏழாம் நம்பர் கேசட்டைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே ஸ்டூடியோவில் காட்டினேன், டேப்பில் பூஞ்சை இருக்கிறது, மெஷின் கெட்டுவிடும் என்று தொடவே மாட்டேன் என்கிறார்கள். அங்கே பழைய கேசட்டைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற கடை இருக்கும், விசாரி. பழைய மெஷின் கணக்கில் 1140, புது மெஷினில் 1310. இரண்டையும் அட்டையில் எழுதியிருக்கிறேன். கடைக்காரன் உன் பாகத்தை மட்டும் வெட்டித் தரவா என்று கேட்பான். வேண்டாம் என்று சொல். முன்னால் வருகிற பாதிப் பாட்டும் வேண்டும்.

கருவாட்டை வேறு பையில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா