ஹூஸ்டனின் வக்கீல் நிறுவனங்கள்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. மருமகளுக்கு, அதான் உன் மகளுக்கு, ஆஸ்டினில் சட்ட மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதை முதல் வரியில் எழுதுவதற்கு என்ன? வக்கீல் புத்தி, நல்ல சாட்சியைக் கடைசியில்தான் கூண்டில் ஏற்றுவாய்.

டெக்சஸில் பெரிய லா ஃபர்ம் எது என்று அவள் கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இந்த வக்கீல் நிறுவனங்கள் எங்கள் கம்பெனிக்கு அனுப்பும் பில்களைச் சரிபார்ப்பதுதான் இத்தனை ஆண்டுகளாக என் பிழைப்பு என்பதால், கொஞ்சம் உள்விவரம் சொல்ல முடியும். உனக்குத் தூக்கம் வந்தாலும் மருமகளிடம் முழுதாகப் படித்துக் காட்டு.

முதலில் எதை வைத்துப் "பெரிய" என்கிறோம்? நம் நாட்டில் இந்தக் கேள்வியே எழாது. விளம்பரம் கூடாது என்று பார் கவுன்சில் விதி, கணக்கை வெளியில் சொல்லும் வழக்கமும் இல்லை. 20 பேருக்கு மேல் பார்ட்னர்களே சேரக்கூடாது என்ற கம்பெனிச் சட்டத்தின் கெடுபிடி வேறு நெடுங்காலம் இருந்தது. இங்கே நிலைமை வேறு. 'தி அமெரிக்கன் லாயர்' என்ற பத்திரிகை 1985 முதல் ஒவ்வோர் ஆண்டும் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு வருவாய், ஒரு பார்ட்னருக்கு எவ்வளவு லாபம் என்று பட்டியல் போட்டு ஊரறியச் செய்துவிடுகிறது. அடுத்த கட்டடத்தில் இருப்பவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து யாருக்கும் இருக்கிற இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்து, டெக்சஸ் நிறுவனங்களின் கதையில் பாதி இந்தப் பட்டியலால் நடந்தது.

அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பது கிர்க்லண்ட் அண்ட் எல்லிஸ். சிகாகோவில் பிறந்தது. 2024-இல் அதன் வருவாய் 880 கோடி டாலர். முழுப் பங்குள்ள பார்ட்னர் ஒருவருக்குச் சராசரி லாபம் 90 லட்சம் டாலருக்கு மேல். வக்கீல்கள் மூவாயிரம் பேருக்கு மேல். அடுத்த இடம் லேத்தம் அண்ட் வாட்கின்ஸுக்கு, ஏறத்தாழ 700 கோடி. இவர்களோடு ஒப்பிட்டால் ஹூஸ்டனின் சொந்தப் பிள்ளைகளான வின்சன் அண்ட் எல்கின்ஸ், பேக்கர் பாட்ஸ் இரண்டும் ஆளுக்கு எழுநூறு வக்கீல்கள் அளவில்தான் இருக்கின்றன. முன்னதன் வருவாய் 100 கோடி டாலர் அளவு, பின்னது அதற்குக் கொஞ்சம் கீழே. வெறும் எண்ணைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் தோற்றுவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் எங்கள் கம்பெனியின் நிலக் குத்தகைச் சிக்கல் எதையும் இதுவரை கிர்க்லண்டிடம் கொண்டுபோனதில்லை. அந்த வேலைக்கு அவர்கள் ஆள் இல்லை.

அது என்ன வேலை என்று உனக்குச் சொன்னால் ரசிப்பாய். வங்கிக் கடனுக்கு நீ 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதித் தருகிறாயே, அதேதான். ஆனால் டெக்சஸில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியில் இருக்கும் எண்ணெய் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். அடியில் இருப்பதைத் தனியே விற்கலாம், பாகம் பிரிக்கலாம், அதில் பாதியை உயில் எழுதலாம். மூன்று தலைமுறை கழித்து ஒரு பேத்திக்கு 256-இல் ஒரு பங்கு வரும். கிணற்றிலிருந்து அவளுக்குக் காசோலை போவதற்கு முன் அந்தப் பங்கை 0.00390625 என்று எட்டு தசம இடம் வரை எழுத வேண்டும். அந்த எண் சரி என்று கையெழுத்துப் போடுகிறவர் மூலப்பத்திரத்தில் தொடங்கி ஒவ்வொரு பத்திரத்தையும் படித்தாக வேண்டும்.

1924-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்றவர்கள் கனிம உரிமையில் "எட்டில் ஒன்றில் பாதி" தங்களுக்கு என்று நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பள்ளிக் கணக்கில் அது 16-இல் ஒன்று. 2023 பிப்ரவரியில் நீதிமன்றம், அது முழு உரிமையில் சரிபாதி என்று தீர்ப்பளித்தது. ஏனென்றால் அந்தக் காலத்தில் குத்தகைதாரர் நில உடைமையாளருக்குத் தரும் பங்கு எட்டில் ஒன்று என்பது மாறாத வழக்கம். குத்தகைக்கு விட்டபின் தங்களிடம் மிஞ்சியிருப்பதே அந்த எட்டில் ஒன்றுதான் என்று பலர் நம்பியிருந்தார்கள். ஆகவே "எட்டில் ஒன்று" என்று எழுதினால் "என் உரிமை முழுவதும்" என்றே அர்த்தம். போதாததற்கு, இரு தரப்பும் 90 ஆண்டுகள் பாதிப் பாதி என்றே நடந்துவந்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய விவசாயியின் நினைப்பு இன்றைய வழக்கைத் தீர்மானிக்கிறது பார்த்தாயா? இது தெரிந்தவர்தான் இங்கே எண்ணெய் வக்கீல்.

இந்த ஊர் நிறுவனங்கள் வளர்ந்த கதையும் மண்ணோடு ஒட்டியதுதான். பேக்கர் பாட்ஸ் தன் பிறப்பை 1840 என்று சொல்லிக்கொள்கிறது. அப்போது டெக்சஸ் அமெரிக்காவோடு சேரக்கூட இல்லை, தனி நாடு. முதலில் அவர்களுக்குச் சோறு போட்டது ரயில்வே. 1901 ஜனவரியில் போமாண்ட் அருகே ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது, 1914-இல் ஹூஸ்டனுக்குக் கப்பல் கால்வாய் வந்தது. அதன்பிறகு வக்கீல்களுக்கு வேலைப் பஞ்சம் இல்லை. வின்சன் அண்ட் எல்கின்ஸ் 1917, ஃபுல்பிரைட் நிறுவனம் 1919.

பேக்கர் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1900-இல் வில்லியம் மார்ஷ் ரைஸ் என்ற பெரும் செல்வந்தர் நியூயார்க்கில் இறந்தார். உடனே ஆல்பர்ட் பேட்ரிக் என்ற வக்கீலின் பெயருக்கு 25,000 டாலர் காசோலை ஒன்று வங்கிக்கு வந்தது. அதில் அவர் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. வங்கிக்குச் சந்தேகம் தட்டியது. ரைஸின் வக்கீலான கேப்டன் பேக்கர் ஹூஸ்டனிலிருந்து ரயிலேறிப் போய்த் துருவினார். வேலைக்காரனும் பேட்ரிக்கும் சேர்ந்து செய்த கொலை, போலி உயில் எல்லாம் அம்பலமாயின. அப்படிக் காப்பாற்றிய சொத்தில் எழுந்ததுதான் 1912-இல் திறந்த இன்றைய ரைஸ் பல்கலைக்கழகம். அந்தக் கேப்டனின் பேரன்தான் பின்னாளில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பேக்கர். படித்து முடித்து வந்தபோது குடும்பப் பெயர் தாங்கிய நிறுவனத்தில் அவருக்கு இடம் இல்லை. உறவினரைச் சேர்ப்பதில்லை என்று விதி. எதிர்க்கடையான ஆண்ட்ரூஸ் கர்த்தில் சேர்ந்தார். அரசுப் பதவிகள் எல்லாம் முடிந்த பிறகு 1993-இல்தான் தாத்தாவின் நிறுவனத்துக்குள் நுழைந்தார். அப்பா சேம்பரில் மகன், மகன் சேம்பரில் பேரன் என்று பார்த்துப் பழகிய உனக்கு இது விநோதமாக இருக்கும்.

வின்சன் அண்ட் எல்கின்ஸ் எரிசக்தி நிதி விவகாரங்களில் கில்லாடி. கூட்டு நிறுவனங்கள், குழாய்ப் பாதைகள், அவற்றுக்குக் கடன் திரட்டுவது என்று எதை எடுத்தாலும் அவர்கள் பெயர் வரும். ஆனால் ஒரே தொழிலை நம்பியிருப்பதன் விலையையும் அவர்கள்தான் கொடுத்தார்கள். ஹூஸ்டனின் எரிசக்திக் கம்பெனியான என்ரான் அவர்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர். 2001 ஆகஸ்டில் என்ரான் ஊழியர் ஷெரன் வாட்கின்ஸ் கணக்கில் கோளாறு இருப்பதாகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். இதை விசாரிக்க வின்சனை அமர்த்த வேண்டாம், இந்தப் பரிவர்த்தனைகளில் அவர்களுக்கே கை இருக்கிறது என்றும் அதிலேயே சொன்னார். அவர்களையே அமர்த்தினார்கள். டிசம்பரில் என்ரான் திவால். 2006-இல் வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனம் 3 கோடி டாலர் கொடுத்தது. இத்தனைக்குப் பிறகும் விழாமல் நிமிர்ந்தது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது பெரிய பெயர் ஃபுல்பிரைட் அண்ட் ஜவோர்ஸ்கி, வழக்காடுவதில் பேர்போனது. வாட்டர்கேட் வழக்கில் அதிபர் நிக்சனின் ஒலிநாடாக்களைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த லியான் ஜவோர்ஸ்கி இவர்களுடைய ஆள். 2013-இல் லண்டனின் நார்டன் ரோஸோடு சேர்ந்தார்கள். இங்கே மருமகள் ஒரு சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். இந்த மாதிரிச் சேர்க்கைகள் பல சுவிஸ் சட்டப்படியான கூட்டமைப்பு. பெயர் ஒன்று, பலகை ஒன்று, கல்லாப்பெட்டி மட்டும் நாட்டுக்கு ஒன்று. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான வக்கீல்கள் என்று விளம்பரம் சொல்லும். ஹூஸ்டன் லாபத்தில் லண்டனுக்குப் பங்கிருக்கும் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. பட்டியலில் இவர்களையும் ஒரே கல்லாக்காரர்களையும் அடுத்தடுத்த வரியில் போடுவது எனக்கு ஒப்பாத வேலை.

மற்ற பழைய பெயர்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. ஆண்ட்ரூஸ் கர்த் 2018-இல் வர்ஜீனியாவின் ஹண்டனோடு கலந்தது. லாக் லார்ட் 2025 தொடக்கத்தில் ட்ரவுட்மன் பெப்பரோடு போனது. பிரேஸ்வெல் இன்னும் தனியாக, எரிசக்தி ஒழுங்குமுறை, நகராட்சிக் கடன்பத்திரம் என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஏன் கரைந்தன? லேத்தம் 2010-இலும் கிர்க்லண்ட் 2014-இலும் ஹூஸ்டனில் கடை விரித்தன. இரண்டும் கட்டடத்தை வாடகைக்கு எடுத்த கையோடு ஆட்களையும் உள்ளூரிலேயே பிடித்தன. நல்ல பார்ட்னர்கள் இரண்டு மூன்று மடங்கு பணத்துக்குப் போனார்கள், பெரிய வாடிக்கையாளர்களும் பின்னாலேயே போனார்கள். முன்பெல்லாம் இந்த நிறுவனங்களில் சேர்ந்தவர் அங்கேயே ஓய்வு பெறுவார், சீனியாரிட்டிப்படி பங்கு. இப்போது கொண்டுவருகிற வேலைக்கு ஏற்பப் பங்கு என்று ஊர் நிறுவனங்களும் மாற்றிக்கொண்டன. வேறு வழி இல்லை. 2024 செப்டம்பரில் டெக்சஸ் வணிக வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றமும் திறந்துவிட்டது. வெளியூர்க்காரர்களின் வரத்து இனியும் குறையாது.

பெரிய வருவாய்க்குப் பெரிய படை வேண்டும் என்றும் இல்லை. ஹூஸ்டனில் 1980-இல் தொடங்கிய சூஸ்மன் காட்ஃப்ரேயில் இருநூறு பேர் அளவில்தான் வக்கீல்கள். ஃபாக்ஸ் தொலைக்காட்சி மேல் வாக்கு இயந்திரக் கம்பெனியான டொமினியன் போட்ட அவதூறு வழக்கில் 2023-இல் 78.75 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. டொமினியனுக்கு நின்றது இவர்கள்தான். மணிக்கணக்குப் பாராமல் ஜெயித்தால் பங்கு என்றும் இவர்கள் வழக்கெடுப்பது உண்டு. உங்கள் ஊரில் அப்படிப் பேசினால் பார் கவுன்சில் வக்கீல் சன்னதைப் பிடுங்கிவிடும்.

என் மேசைக்கு வரும் பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்துக்கு 0.1 என்று எழுதுவார்கள். "மின்னஞ்சலைப் படித்தது 0.2", "அதுபற்றி உள்ளே பேசியது 0.3". ஒவ்வொரு வரிக்கும் ஏ-104 என்றால் ஆவணம் படித்தது, ஏ-105 என்றால் தங்களுக்குள் பேசிக்கொண்டது என்று குறியீடு. போன வருடம் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) ஒரே அழைப்புக்கு ஐந்து வக்கீல்களின் நேரத்தை வைத்திருந்தது. நான்கை அடித்தேன். மறுபேச்சு வரவில்லை. பெரிய நிறுவனங்களின் மூத்த பார்ட்னர்களுக்கு இப்போது மணிக்கு 2,000 டாலரைத் தாண்டிவிட்டது. மேலே சொன்ன 880 கோடி என்பது இப்படி ஆறு ஆறு நிமிடமாகச் சேர்ந்தது. அதில் பெரும்பகுதியை எழுதுவது மருமகள் வயதுப் பிள்ளைகள். படுக்கப் போகும்போது மணி இரண்டு என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே அவளுக்கு என் யோசனை இதுதான். கம்பெனிகளை வாங்கி விற்கும் வேலையில் மனம் இருந்தால், சம்பளத்துக்கும் பெயருக்கும் கிர்க்லண்ட் மாதிரி இடம். கோர்ட்டில் நிற்க ஆசை என்றால் சூஸ்மன் மாதிரி சின்ன இடம், ஆனால் உள்ளே நுழைவது குதிரைக்கொம்பு. உன் ரத்தம் அவளிடம் ஓடி, பத்திரக் கட்டைக் கண்டால் பசி மறப்பவளாக இருந்தால், எண்ணெய் நிலம் பார்க்கும் ஊர் நிறுவனம்தான். சேருமுன் எந்தப் பிரிவில், எந்தப் பார்ட்னரின் கீழ் என்று கேட்கச் சொல். அந்தப் பார்ட்னர் அடுத்த வருடம் எதிர்க்கட்டடத்துக்குப் போனால் தன் கதி என்ன என்பதையும் கேட்கச் சொல். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இங்கே எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

அவள் விமானம் எந்தத் தேதி, ஹூஸ்டனில் இறங்குகிறாளா, நேரே ஆஸ்டினுக்கா என்று உடனே எழுது. ஆஸ்டினுக்குக் காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், நானே கொண்டுபோய் விடுகிறேன். உலகநேரியில், மதுரை ஐகோர்ட் கிளையில், உன் அப்பீல் எண்ணாகிவிட்டதா? அம்மா வீட்டுப் பட்டா மாறுதலுக்கு இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி என்றாயே, அந்த பவர் பத்திரத்தின் வாசகத்தை அனுப்பினால் இங்கே துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்
ஹூஸ்டன்