எந்த ஆண்டு லஜபதி ராய்?

அன்புள்ள ராமு,

பஞ்சாபின் விடுதலைப் போராட்டத் தலைவர் லஜபதி ராய் இந்து தேசியவாதியா, இந்தியத் தேசியவாதியா என்று கேட்டிருந்தாய். எந்த ஆண்டு ராய் என்று முதலில் சொல். மனிதர் ஓரிடத்தில் நின்றவரில்லை.

அப்பா உருது, பாரசீக ஆசிரியர்; அலிகர் கல்லூரியை நிறுவிய முஸ்லிம் சீர்திருத்தவாதி சர் சையது அகமது கானிடம் அவருக்குப் பெருமதிப்பு. மகன் 1882இல் இந்துச் சீர்திருத்த இயக்கமான ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார். 1888இல் அதே சையது அகமது கானுக்குத் திறந்த மடல்கள் எழுதி, அவருடைய பழைய எழுத்துகளைக் காட்டியே மடக்கினார். காங்கிரசை எதிர்த்த சையது அகமது கானுக்குப் பதில் சொன்ன காங்கிரஸ் குரல் அது. 1909இல் பஞ்சாப் இந்து மாநாட்டிலோ இந்துக்களே தனியொரு தேசம் என்றார். (நம் பாரதி பாடியது இவ்விரண்டுக்கும் நடுவே, 1907இல் மாண்டலேவுக்கு நாடுகடத்தப்பட்ட லாஜபதியை.) பிறகு அமெரிக்காவில் இருந்தபோது 1916இல் வந்த நூலில், முஸ்லிம் ஆட்சி அந்நிய ஆட்சியே அல்ல, வந்தவர்கள் இங்கேயே குடியேறி மண்ணின் மைந்தரானார்கள், இங்கிலாந்துக்கு நார்மன்கள் வந்த மாதிரி என்று எழுதினார்!

எல்லாரும் தடுக்கி விழுவது 1924இல்தான். லாகூரின் ‘டிரிபியூன்’ ஏட்டில் 13 கட்டுரைகள் எழுதினார். பட்டாணியர் பகுதி, மேற்குப் பஞ்சாப், சிந்து, கிழக்கு வங்கம் என நான்கு முஸ்லிம் மாநிலங்கள் அமையலாம் என்பது அவற்றில் வந்த யோசனை. இது ஒன்றுபட்ட இந்தியா ஆகாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இதை 1947இன் முன்னோட்டமாக மட்டும் படித்தால் கணக்கு தப்பும். பஞ்சாபில் முஸ்லிம்கள் சுமார் 55 சதவீதம். காங்கிரசும் முஸ்லிம் லீகும் செய்துகொண்ட 1916 லக்னோ ஒப்பந்தம் சட்டமன்றத்தில் தந்ததோ 50 சதவீத இடம். மக்கள்தொகைப்படி இடமும் வேண்டும், தனித்தொகுதியும் (முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம்களே தேர்ந்தெடுக்கும் முறை) வேண்டும் என்றால், எந்தத் தேர்தலிலும் மாறாத பெரும்பான்மை அமைந்துவிடும். அவருடைய அச்சம் அதுதான். தனித்தொகுதியை விடமாட்டீர்கள் என்றால் மாகாணத்தைப் பிரித்துவிடுங்கள் என்கிறார். அந்த ‘என்றால்’ மேற்கோள்களில் விடுபட்டுப்போகிறது. அந்தச் செப்டம்பரில்தான் வடமேற்கு எல்லையில் கோஹாட் நகரில் இந்து–முஸ்லிம் கலவரம் நடந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே ராய் காங்கிரஸ் தலைவர் டாக்டர் அன்சாரியோடு சேர்ந்து இந்து–முஸ்லிம் ஒப்பந்த வரைவு எழுதியவர்.

அதற்காக அவரை வெள்ளையடிக்கவும் வேண்டாம். 1925இல் இந்து மகாசபைக்குத் தலைமை தாங்கினார். 1926 தேர்தலில் மதன் மோகன் மாளவியாவோடு சேர்ந்து மோதிலால் நேருவின் சுயராஜ்யக் கட்சியை எதிர்த்தார். ஆனால் 1928இல் எல்லா மதத்தினரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத்தொகுதியைப் பரிந்துரைத்த, அதே மோதிலால் நேரு குழுவின் அறிக்கை வந்ததும் அதன் பக்கம் நின்றார். பழைய ‘என்றால்’ அப்போதும் மாறவில்லை என்பேன்.

நீ அனுப்பிய கட்டுரையில் 1909 மேற்கோளும் 1924 மேற்கோளும் அடுத்தடுத்து, ஒரே பேச்சுபோல இருக்கின்றன. நடுவில் 1916ஐ வைத்துப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சேது