அன்பு மட்டுமா மாற்றியது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் சி.பி. எல்லிஸ், ஆன் அட்வாட்டர் இருவரைப் பற்றிச் சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கறுப்பர்களை வெறுத்த வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் உள்ளூர்த் தலைவர் எல்லிஸ், கறுப்பினப் போராளிப் பெண் அட்வாட்டரோடு பழகி மனம் மாறிய கதை. எழுத வேண்டிய கதைதான். ஆனால் "அன்பு ஒன்றே அவரை மாற்றியது" என்று முடித்தீர்களே, அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

1971இல் டர்ஹாம் நகரில், கறுப்பு வெள்ளைப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிப்பது பற்றிப் பத்து நாள் கூட்டம் நடந்தது. ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத அந்த இருவரையும் சரிசமமான தலைவர்களாக உட்கார வைத்தார்கள். எல்லிஸ் எவ்வளவு உழைத்தும் கடன் தீராத ஏழை. எதிரியோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று இருவர் பிள்ளைகளையும் பள்ளியில் கேலி செய்தார்கள். இரண்டு வீட்டுக் கஷ்டமும் ஒன்றுதான் என்று அங்கேதான் அவருக்கு உறைத்தது. கடைசியில் கிளான் அட்டையைக் கிழித்துப் போட்டார். அப்புறம் கறுப்பர்கள் அதிகம் இருந்த ஒரு தொழிற்சங்கத்தில் அமைப்பாளராகி அவர்களுக்காக உழைத்தார். 2005இல் அவர் இறக்கும்வரை அந்த அம்மாவோடு நட்பு நீடித்தது. தொழிற்சங்கப் பகுதியை மட்டும் ஏன் ஐயா விட்டுவிட்டீர்கள்? தோட்டத்து வாசகனுக்கு முதலில் சொல்ல வேண்டியதே அதுதானே!

நான் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். 1948 ஜூனில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்த ஊர். இங்கே மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று இனமும் ஒரே கடைத்தெருவில்தான் காலம் தள்ளுகிறோம். ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் கறி, தீபாவளிக்கு முறுக்கு என்று மாறி மாறிச் சாப்பிட்டவர்கள்தான் வீட்டுக்குத் திரும்பியதும் ஒருவரையொருவர் ஏசுகிறோம். வெறும் பழக்கம் போதுமென்றால் இந்த நாட்டில் 1969 மே 13 இனக்கலவரம் நடந்திருக்காது.

என் அண்ணன் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். வங்காளதேசத்துப் பையன்கள் வந்துதான் நம் கூலி குறைந்தது என்று வாய்க்கு வந்தபடி திட்டுவார். அவருக்குக் குலை தூக்கத் துணையாக அப்படி ஒரு பையனையே போட்டார்கள். மாதக்கணக்கில் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைக்கூடத் தள்ளி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஒரு மாதம் குத்தகைக்காரர் இருவர் சம்பளத்திலும் கைவைத்தார். கேட்டதற்கு, "நீங்கள் அவ்வளவு வெட்டவே இல்லை" என்றார். அந்தப் பையன் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை பிடித்த ஒரு சின்ன நோட்டை எடுத்தான். எந்தத் தேதியில், எந்த நிரையில், எத்தனை குலை என்று அவன் மொழி எண்களில் எழுதி வைத்திருந்தான். அண்ணன் கணக்கும் அதிலேயே இருந்தது. அந்த நோட்டோடு இருவரும் தொழிலாளர் இலாகாவுக்குப் போய்ப் பாக்கியை வாங்கினார்கள். அன்றிலிருந்து அண்ணன் அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். சாப்பாட்டுக் கடையில் யாராவது அவனை இளக்காரமாகப் பேசினால் எழுந்து போய்ச் சண்டைக்கு நின்றார். கூலியைக் குறைத்தது யார் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

தங்கள் பத்திரிகைக்கு இது தெரியாததா? சுதந்திர தினம் வரும் ஆகஸ்டு மாதம் ஒற்றுமைச் சிறப்பிதழ், பாரம்பரிய உடையில் மூன்று பிள்ளைகள் சிரிக்கும் படம். மற்ற மாதங்களில் "அந்நியத் தொழிலாளர் அட்டகாசம்" என்று எட்டுப் பத்தித் தலைப்பு. எங்கோ ஒருவன் திருடினால் அவன் நாட்டின் பெயர் தலைப்பில் வருகிறது. ஆயிரம் பேரின் சம்பளத்தை அமுக்கிய முதலாளிக்கு உள்பக்கத்தில் நாலு வரி. பெயரும் கிடையாது.

1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம் ஆட்களிடம் வேலை பெர்மிட் கேட்டார்கள். ரப்பர் பால்மரம் வெட்டியே முதுகு வளைந்த என் சின்னத் தாத்தா பினாங்கில் இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்தான், திரும்பவில்லை. "வந்தேறிகள் போகட்டும்" என்று அன்றைக்குச் சொன்ன வாய்களை நாம் இன்னும் மன்னிக்கவில்லை. அதே வார்த்தையை இன்னொரு ஏழையைப் பார்த்து நம் தமிழ்ப் பத்திரிகையே அச்சடிப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை ஐயா.

இதற்கு முன் நான் எழுதிய கடிதங்களில் சம்பளம், சங்கம் என்று வந்த இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு, "ஒற்றுமையே பலம்" என்ற ஒரு வரியை மட்டும் போட்டீர்கள். இந்த முறை முழுக்கப் போட இடமில்லையென்றால், எல்லிஸ் பிற்காலத்தில் தொழிற்சங்கத்தில் வேலை செய்தார் என்ற செய்தியை மட்டுமாவது அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிளைச் சங்கச் செயலாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.