லேபை விட்டு ஃபைலுக்கு வர நினைக்கிறவளுக்கு

அன்புள்ள நித்யா,

லேபை விட்டு என்னை மாதிரி ஆய்வு மானியங்களைக் கவனிக்கிற வேலைக்கு வரலாமா என்று நீ கேட்ட வாய்ஸ் மெசேஜை பஸ்ஸில் கேட்டேன். மொத்தம் ஆறு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் உன் அப்பா சொன்னதுதான். “பிஎச்.டி. படிச்சிட்டு கிளார்க் வேலைக்கா போகப்போறே?” எட்டு வருஷத்துக்கு முன்னால் என் பெரியப்பா இதையேதான் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். இப்போது சொல்லத் தெரிகிறது. உன் ஜூனியர்கள் இரண்டு பேரும் இதையே கேட்டார்கள் என்பதால் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இங்கேயே எழுதுகிறேன். அப்பாவிடமும் காட்டு.

வெளியிலிருந்து வருகிற ஆய்வுப் பணத்தைக் கவனிக்கிற எங்கள் ஸ்பான்சர்டு ரிசர்ச் ஆபீஸ் என்றால் என்ன என்று போன பிப்ரவரியில் நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். எங்கள் உதவிப் பேராசிரியர் ஒருவருக்குப் புது ப்ராஜெக்டில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் கிடைத்திருந்தது. யூ.பி.எஸ். கேட்க மறந்துவிட்டார். கன்ஸ்யூமபிள்ஸ் ஹெட்டில், அதாவது கெமிக்கல் மாதிரி தீர்ந்துபோகிற பொருளுக்கான செலவுத் தலைப்பில், மிச்சம் இருக்கிறதே, அதிலிருந்து வாங்கிவிடலாம் என்று இன்டென்ட் (வாங்கித் தரச் சொல்லும் படிவம்) போட்டு அனுப்பினார். அக்கவுண்ட்ஸில் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கன்ஸ்யூமபிள்ஸ் என்பது ரெக்கரிங், திரும்பத் திரும்ப வருகிற செலவு. யூ.பி.எஸ். என்பது உபகரணம், நான்-ரெக்கரிங், ஒரு தடவைச் செலவு. அங்கிருந்து இங்கே மாற்றப் பணம் கொடுத்த ஏஜென்சியின் முன் அனுமதி வேண்டும். பேராசிரியருக்கு அது தெரியாது. எங்கள் லேப் பக்கம் ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அக்கவுண்ட்ஸுக்குத் தெரியாது.

எனக்கு இரண்டுமே தெரியும். பிஎச்.டி. மூன்றாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசர் நின்றுபோய் என் ஆர்.என்.ஏ. சாம்பிள்கள் நூற்றிச் சொச்சம் தண்ணீராய்க் கிடந்ததைப் பார்த்தவள் நான். அதனால் ஏஜென்சிக்குப் போன கடிதத்தில் “ஆய்வுத் தேவை கருதி” என்று பொத்தாம்பொதுவாக எழுதவில்லை. எந்த சாம்பிள், எத்தனை நோயாளிகளிடம் எடுத்தது, எத்தனை மணி நேரத்துக்குள் கெட்டுப்போகும், திரும்ப எடுக்க முடியுமா, மொத்த பட்ஜெட் ஒரு ரூபாய்கூட ஏறாமல் எந்த ஹெட்டில் எவ்வளவு குறைகிறது – எல்லாம் ஒரே பக்கத்தில். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. மார்ச் 31-க்கு ஒன்பது நாள் முன்னால் யூ.பி.எஸ். வந்து இறங்கியது. அந்த ஒரு பக்கத்தை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

மார்ச் 31 என்றாலே எங்கள் ஆபீசில் யாரும் லீவு கேட்கமாட்டார்கள். செலவாகாத ஒதுக்கீடு பல திட்டங்களில் அன்றோடு காலாவதி. அதற்கப்புறம் யூ.சி. படலம் – பணத்தை இன்னதற்குச் செலவழித்தோம் என்கிற பயன்பாட்டுச் சான்றிதழ். ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ என்ற படிவத்தில், வாங்கிய மானியம், செலவு, மிச்சம், வட்டி எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். மானியம் வங்கியில் கிடந்ததால் வந்த வட்டிகூட நம்முடையது கிடையாது, அரசுக்கே திரும்பிப் போக வேண்டும். ஒருமுறை 43 ரூபாய் உதைத்தது. இரண்டு நாள் தேடினோம். யூ.சி. போகாவிட்டால் அடுத்த தவணை வராது; தவணை வராவிட்டால் அந்த ப்ராஜெக்டில் இருக்கிற ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) பையனுக்கு ஃபெல்லோஷிப் வராது. நீயே நாலு மாதம் ஃபெல்லோஷிப் இல்லாமல் ரூம்மேட்டிடம் கடன் வாங்கியவள். எங்கேயோ ஒரு ஆபீசில் இப்படி ஒரு யூ.சி. தூங்கியதுதான் காரணமாக இருந்திருக்கும்.

இது பணம் வாங்குகிற பக்கம். கொடுக்கிற பக்கம் வேறு மாதிரி, உனக்கு அதுதான் அதிகம் பொருந்தும் என்று எனக்கு ஒரு எண்ணம். டி.எஸ்.டி., டி.பி.டி., ஐ.சி.எம்.ஆர்., சி.எஸ்.ஐ.ஆர். எல்லாம் ஆய்வுக்குப் பணம் கொடுக்கிற அரசு அமைப்புகள், உனக்குத் தெரிந்த பெயர்கள்தான். அதே மாதிரி பணம் கொடுத்த எஸ்.இ.ஆர்.பி. வாரியம் இப்போது தனியாக இல்லை. 2023-இல் வந்த சட்டத்தின்படி ஏ.என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆய்வு அறக்கட்டளைக்குள் போய்விட்டது. அதற்கு ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி என்று இலக்கு. அதில் அரசு தருவது 14,000 கோடி, மீதியெல்லாம் தொழில்துறை, அறக்கொடை என்று வெளியிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வந்தால், கம்பெனிக்காரரோடும் விஞ்ஞானியோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் நிறைய வேண்டியிருக்கும். ஹைதராபாத்தில் இந்தியா அலையன்ஸ் இருக்கிறது, 2008-இல் டி.பி.டி.யும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து தொடங்கியது. அங்கே கிராண்ட்ஸ் அட்வைசர் என்ற பதவியே உண்டு. லேபிலிருந்து வந்தவர்களைத்தான் அதற்குத் தேடுவார்கள். 2018-இல் ஆய்வு மேலாண்மைக்கென்றே ஒரு முயற்சியையும் அவர்கள் ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் இதை ஒரு தொழிலாக மதித்துப் பேசியதே அதற்கப்புறம்தான் பரவியது.

அந்தப் பக்கம் இருக்கிற என் பேட்ச்மேட் ஒருத்தி சொல்வாள், முக்கால்வாசி வேலை ஆள் பிடிப்பது என்று. ஒரு ப்ரொபோசல் வந்தால் அதை மதிப்பிட மூன்று பேர் வேண்டும். விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். விண்ணப்பித்தவரின் கைடாக, மாணவராக, சேர்ந்து பேப்பர் போட்டவராக, அதே நிறுவனத்துக்காரராக இருக்கக் கூடாது. சின்னத் துறை என்றால் இந்த நாலையும் கழித்தபின் ஊரில் ஆளே மிஞ்சமாட்டார்கள். அப்புறம் கமிட்டி மீட்டிங், மினிட்ஸ். “பரிந்துரைக்கப்படவில்லை” என்று ஒரு வரியில் முடிப்பதா, அடுத்த தடவை திருத்தி எழுதுகிற மாதிரி நாலு வரி கொடுப்பதா என்பது பெரும்பாலும் மினிட்ஸ் எழுதுகிறவர் கையில்தான். என் கைடு ஒன்றரை வருஷம் காத்திருந்த ஒரு ப்ரொபோசலுக்கு அந்த ஒரு வரிதான் வந்தது. எந்த ஏஜென்சி என்று சொல்லமாட்டேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார், ரிட்டயர் ஆகும்வரை.

சட்டதிட்டம் மாறிக்கொண்டே இருக்கும், அதையும் துரத்த வேண்டும். 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் ஆய்வு மானியத்துக்கு வரிவிலக்கு கொடுக்கிறதுக்கு முன்னால் பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் வரி கேட்டு நோட்டீஸ் வந்து, எங்கள் ஆபீசில் ஒரு மாதம் அதே பேச்சுதான். 2025 ஜூனில் கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பை ஆய்வு நிறுவனங்களுக்கு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக ஏற்றினார்கள். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டலுக்கு வெளியே வாங்க இயக்குநர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் அதிகாரம் கொடுத்தார்கள். அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு துறை துறையாகப் போய் விளக்கினேன். ஒரு என்சைம் வாங்க ஜெம்மில் மூன்று மாதம் மல்லுக்கட்டிய பயோடெக் மேடம் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். இந்த வேலையில் கிடைக்கிற விருது அந்த மாதிரிதான்.

சம்பளத்தை மறைத்துப் பேச மாட்டேன். டி.எஸ்.டி., டி.பி.டி. மாதிரி இடங்களில் விஞ்ஞானி பதவியாகவே எடுப்பார்கள். அது நிரந்தரம், நல்ல சம்பளம், ஆனால் அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், டெல்லிக்குப் போகவேண்டியிருக்கும். நிறுவனங்களில் பெரும்பாலும் கான்ட்ராக்ட். நான் சேர்ந்தபோது பதினொரு மாத ஆர்டர், எஸ்.ஆர்.எஃப்.பாக (முதுநிலை ஆய்வாளராக) வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் கூட. 2023-இலிருந்து எஸ்.ஆர்.எஃப். மாதம் 42,000 என்பதால் நீ இன்னும் நன்றாகப் பேரம் பேச வேண்டும். இரண்டு வருஷம் என் பதவிக்குப் பெயரே இல்லை. கதவில் “ப்ராஜெக்ட் செல்” என்று பிரின்டவுட் ஒட்டியிருந்தார்கள். ப்ரமோஷன் ஏணி பல இடத்தில் இன்றைக்கும் கிடையாது. ஆனால் 2022-இல் யு.ஜி.சி. எல்லா உயர்கல்வி நிறுவனங்களும் ஆய்வு-மேம்பாட்டு செல் வைக்க வழிகாட்டுதல் கொடுத்தபிறகு, தனியார் பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் ஆள் தேடுகின்றன. அங்கே போனால் ஒன்று கேட்டுக்கொள்: கிராண்ட் வேலையா, இல்லை நாக் தர மதிப்பீட்டுக்கு ஃபைல் அடுக்குகிற வேலையா? இரண்டாவது என்றால் உன் அப்பா சொன்னது சரி.

இன்னொன்று. உன் பெயர் ஆய்வுப் பேப்பரில் வர வேண்டும் என்ற ஆசை இன்னும் விடவில்லை என்றால் ஒரு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்கு அடுத்த ஆய்வுப் பணி) முடித்துவிட்டு வா. இங்கே வராது. எட்டு வருஷத்தில் ஒரே ஒரு பேப்பரின் நன்றி வரியில் என் பெயர் வந்தது, அதுவும் ஸ்பெல்லிங் தப்பாக.

அப்புறம் சீனியர் பேராசிரியரிடம் “முடியாது சார்” என்று சொல்ல வரவேண்டும், அதுவும் அவர் அடுத்த நாளும் உன்னிடமே வருகிற மாதிரி. அது எனக்கு வர மூன்று வருஷம் ஆனது. கோர்ஸ் எதுவும் கிடையாது.

இப்போதைக்கு ஒரு வேலை செய். உன் கைடிடம் உங்கள் ப்ராஜெக்டுக்குப் பணம் ஒதுக்கிய சாங்ஷன் ஆர்டரைக் கேட்டு வாங்கு. முதல் பக்கத்தில் தொகை இருக்கும், அதைத்தான் எல்லாரும் படிப்பார்கள். நீ அதற்கு அடுத்த பக்கங்களில் இருக்கிற நிபந்தனைகளைப் படி. உன் லேபில் அதில் எது எது மீறப்பட்டிருக்கிறது என்று பென்சிலில் டிக் அடி, யாருக்கும் காட்டாதே. அப்புறம் உன் தீசிஸ் வேலையை, சயின்ஸே படிக்காத ஒரு நிதி அதிகாரிக்குப் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுது. முதல் வேலையில் உனக்குத் தூக்கம் வந்தால் இந்தப் பக்கம் வராதே. சுவாரஸ்யமாக இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ஆபீசுக்கு வா.

மூணு மணிக்கு மேல் வா. அதுவரை ஆடிட்டர் இருப்பார்.

அன்புடன்,
அக்கா