சதுப்பில் எருமை மேயட்டும்

ஆசிரியருக்கு,

நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பில் 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பீட் மண், அதாவது நீரில் முழுதாக மட்காத செடிகொடிகளின் படிவு, சேர்ந்திருக்கிறது. மேய்ச்சல் நின்றால் முரட்டுப்புல் மண்டி, சிறு பூச்செடிகள் வெளிச்சமின்றி மடியும். ஓரத்திலிருந்து சீகை (வாட்டில்) மரம் நுழையும். தோடர் எருமைகள் புல்லைக் கட்டுக்குள் வைக்கும். குளம்புக் குழிகளில் தேங்கும் நீரில் தலைப்பிரட்டை நெளியும்.

ஆனால் வளர்ந்த சீகையை எருமையால் அகற்ற முடியாது. அதை நாம்தான் வெட்ட வேண்டும். அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடிருப்பதால், முளைக்கும் சீகைக் கன்றுகளை மண் ஈரமாக இருக்கும்போதே ஆண்டுதோறும் வேரோடு பிடுங்கியாக வேண்டும். அடைமழைக் காலத்தில் மந்தையை மேட்டுப்புல்லுக்கு ஓட்டிவிடுங்கள். ஒரே இடத்தில் மிதிபட்டால் பீட் குழைந்து ஓடையில் கரைந்து போகும். உப்புக்கட்டியும் தண்ணீர்த் தொட்டியும் சதுப்போரம் வேண்டவே வேண்டாம். வடிகால் வெட்டிய சதுப்பில், முதலில் அந்த வாய்க்காலை அடைத்துவிடுங்கள். பீட் காய்ந்தபின் மேய்ச்சல் அதைக் காப்பாற்றாது.

வாசகர், உதகை