மார்க்ஸ் கார்டுகளைப் பத்திரமாக வைத்திருந்த அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

போன மாதம் பெங்களூர் நிம்ஹான்ஸில், அதாவது மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியில், டாக்டர் என் ஃபைலில் எழுதியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுவயதிலிருந்தே ஏடிஹெச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத, பரபரப்பு கூடிய மூளையின் தன்மை), அதற்கு மேல் தலைக்காயத்தால் வந்த கவனச் சிக்கல். இரண்டும் உண்டு. இந்த ஒரு வரிக்காக இரண்டு வருஷத்துக்கும் மேல் அலைந்தேன். கூடவே நீங்களும் அலைந்தீர்கள். நேரில் சொல்லப் போனால் தொண்டை அடைக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி, பெயர் தெரியாத ஆட்டோ அண்ணனுக்கு. 2022 நவம்பரில் மழை பெய்த ஒரு சாயங்காலம், பழைய மெட்ராஸ் ரோட்டில் டின் ஃபேக்டரி பக்கம் என் ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் ஞாபகமில்லை, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று கூட்டம் ஒதுங்கி நின்றதாம். நீங்கள்தான் தோளில் கிடந்த துண்டை என் தலையில் அழுத்திக் கட்டி, ஆட்டோவில் ஏற்றினீர்கள். அடித்துக்கொண்டிருந்த என் போனை எடுத்து என் வீட்டுக்காரரிடம் பேசி, அவர் வந்து சேரும்வரை கேஷுவாலிட்டி வாசலிலேயே நின்றீர்கள். விபத்தில் உதவுகிறவர்களை அலைக்கழிக்கக் கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதற்கென்று 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் அந்தச் சட்டத்தை நினைத்துப் பார்த்திருக்கமாட்டீர்கள். அன்றைக்கு உங்கள் வாடகைப் பணம்கூட யாரும் கொடுக்கவில்லை அண்ணா.

சிடி ஸ்கேனில் மூளையின் முன்பகுதியில் சின்ன ரத்தக்கட்டு. ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லோரும் பிழைத்தாளே என்று சந்தோஷப்பட்டார்கள்.

அப்புறம்தான் தொடங்கியது. ஜே.சி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். ஜிஎஸ்டிக்கு முந்தைய வரி ரிட்டர்ன்களையும் சேர்த்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு மாதம்கூட தேதி தவறாத நான், அடுத்தடுத்து இரண்டு மாதம் தவறவிட்டேன். நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் அபராதம். முதலாளி அதை என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. என் மேஜையை போன் மணி கேட்காத பின்பக்க குடோனுக்கு மாற்றி, "இங்க உட்காருங்கம்மா, யாரும் கூப்பிடமாட்டாங்க" என்றார். உங்களுக்கு என் நன்றி, சார். வீட்டிலும் அடுப்பில் பால் பொங்கி வழியும், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். "எங்க பார்த்துக்கிட்டிருந்தே" என்று ஒரு நாளும் கேட்காமல் அடுப்பைத் துடைத்த என் வீட்டுக்காரருக்குத் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

ஒரு டாக்டர், அடிபட்டால் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்றார். ஒன்றரை வருஷமாகியும் சரியாகவில்லை. இன்னொருவரிடம் தயங்கித் தயங்கி ஏடிஹெச்டியாக இருக்குமோ என்று கேட்டேன். "அது குழந்தைங்களுக்கு வர்றது. நீங்க டிகிரி முடிச்சிருக்கீங்களே?" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அல்சூர் வரை அழுதுகொண்டே வந்தேன்.

நிம்ஹான்ஸில் என்னைப் பார்த்த சைக்காலஜிஸ்ட் மேடம், நீங்கள் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "அடிபட்டதை விடுங்க. பத்து வயசுல நீங்க எப்படி இருந்தீங்க?" அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. தலைக்காயத்தால் வரும் கவனக் குறைவும் ஏடிஹெச்டியும் வெளியில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஏடிஹெச்டி என்றால் பன்னிரண்டு வயதுக்கு முன்பே அதன் அடையாளங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். 2013 வரை அந்த வரம்பு ஏழு வயதாக இருந்ததாம். ஏழு வயதுக்கு முந்தியதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்! அடிபட்ட என் ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது, வேறு ஆள் சொல்ல வேண்டும், காகிதம் இருந்தால் இன்னும் நல்லது என்றீர்கள்.

அம்மா, அங்கேதான் நீ வந்தாய். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் லைன் வீட்டில், கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தாய். அப்பாவின் சுரங்க அடையாள அட்டைக்குக் கீழே, நாப்தலின் வாசனையோடு, ஒன்றாம் வகுப்பிலிருந்து என் மார்க்ஸ் கார்டு எல்லாம் நூல் போட்டுக் கட்டியிருந்தது. நாலாம் வகுப்புக் கார்டில் சிவப்பு மையில் டீச்சர் கையெழுத்து: "விடை தெரிகிறது. கேள்வியை முழுதும் படிப்பதில்லை. இந்த மாதம் மூன்று முறை பையை மறந்து வீட்டுக்குப் போனாள்." அதன் கீழே நீ தமிழில் போட்ட கையெழுத்து. முப்பது வருஷம் அதை எதற்காக வைத்திருந்தாய் என்று கேட்டதற்கு, "உன்னோடதாச்சே" என்றாய்.

அந்த டீச்சரையும் நீதான் தேடிப் பிடித்தாய். டீச்சர், எழுபதைத் தாண்டிய வயதில், ஆண்டர்சன்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தீர்கள். என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தது, பலகையைத் துடைக்கச் சொல்லி அடிக்கடி எழுப்பிவிட்டது, எல்லாம் அதில் இருந்தது. எனக்குத் தெரியாமலே அன்றைக்கே எனக்கு வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள்.

சோதனை இரண்டு நாள் நடந்தது. எண்களைச் சொல்லிவிட்டுத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பதினைந்து சொற்களை ஐந்து முறை படித்துக் காட்டி, ஒவ்வொரு முறையும் எத்தனை நிற்கிறது என்று பார்த்தார்கள். அதைத் தமிழிலேயே வைத்ததற்கு நன்றி மேடம். கன்னடமும் இங்கிலீஷும் பேசுவேன், ஆனால் தடுமாறுவது மொழியா மூளையா என்று அப்புறம் யார் பிரித்துச் சொல்வது?

கடைசியில் நீங்கள் சொன்ன விளக்கத்தை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். தங்கவயலில் எங்கள் வீட்டுக்குக் கடிகாரமே வேண்டாம். சுரங்கத்துச் சங்கு ஊதினால் எழுந்திருப்போம், ஊதினால் சாப்பிடுவோம். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபோது எனக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு நானே எனக்குச் சங்கு ஊதிக்கொண்டேன். சீட்டு எழுதி, அலாரம் வைத்து, எதையும் இரண்டு முறை சரிபார்த்துப் பன்னிரண்டு வருஷம் கணக்கை இழுத்துப் பிடித்தேன். மூளையில் அப்படி இழுத்துப் பிடிக்கும் இடமான முன்பகுதியில்தான் அடி பட்டிருக்கிறது.

மாத்திரை எழுதுவதற்கு முன்னால் வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டு, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கிய டாக்டருக்கு நன்றி. எனக்கு எழுதிய ஏடிஹெச்டி மாத்திரை மெத்தில்ஃபெனிடேட் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடுமையான கட்டுப்பாட்டில் விற்கும் மருந்து, டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். நாலு கடை ஏறி இறங்கிய என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, எங்கே கிடைக்கும் என்று நாலைந்து இடத்துக்கு போன் போட்டுக் கேட்டுச் சொன்ன மெடிக்கல் ஷாப் பாய்க்கும் நன்றி.

இந்த மாதம் ரிட்டர்னை 17-ஆம் தேதியே போட்டுவிட்டேன், சார்.

அம்மா, நிம்ஹான்ஸில் நகல் எடுத்துக்கொண்டு கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே நூலில்தான் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பம் ரயிலில் எடுத்துக்கொண்டு வருகிறேன். டீச்சர், சாயங்காலம் நாலு மணிக்கு உங்கள் திண்ணைக்கும் வருவேன்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து உங்கள் மகள்